இரு தரப்புக்கும் நடுவே: ஆனந்தரங்கப் பிள்ளையும் வணிகத் தலைமையும்

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி புதுச்சேரியில் நடத்திய வணிகம் முழுவதும் தலைமைத் துபாசி என்ற ஒருவரைச் சுற்றியே நடந்தது. கவர்னருக்குத் தமிழ் தெரியாது. நெசவாளருக்கும் துணி வணிகருக்கும் பிரெஞ்சு தெரியாது. ஆற்காட்டு நவாபின் தர்பாரிலோ எழுத்து வேலை பாரசீகத்தில் நடந்தது. இந்த மூன்று உலகங்களுக்கும் நடுவில் நின்றவர் துபாசி. பேச்சை மாற்றிச் சொல்வது அவருடைய வேலையில் மிகச் சிறிய பங்கு. வணிகர்களைத் தேர்ந்தெடுப்பது, அவர்கள் வாங்கும் முன்பணத்துக்குப் பொறுப்பேற்பது, சரக்கு தவணையில் வந்து சேரப் பார்த்துக்கொள்வது, சுற்றியிருந்த அரசுகளுக்குக் கடிதம் எழுதுவது, தமிழர் குடியிருப்பின் வழக்குகளைக் கேட்பது, ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கவர்னரிடம் சொல்வது எல்லாம் அவர் தலையில் விழுந்தன. கொள்முதல், கடன், சட்டம், மக்கள் தொடர்பு என்று இன்றைய நிறுவனம் தனித்தனித் துறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலை அன்று ஓர் ஆளின் வேலையாக இருந்தது.

இந்தப் பதவியில் இருந்தவர்களில் ஆனந்தரங்கப் பிள்ளையை மட்டுமே இன்று அருகிலிருந்து பார்க்க முடிகிறது. காரணம், 1736 செப்டம்பர் 6 முதல் 1761 ஜனவரி வரை, இடையிடையே விடுபட்ட பகுதிகள் தவிர, தம் வணிக வாழ்க்கையை அவர் நாள்தோறும் எழுதி வைத்தார். வரலாற்றாசிரியர்கள் அந்த நாட்குறிப்பைப் போர்களுக்காகவும் அரசியலுக்காகவும் படித்து வந்திருக்கிறார்கள். தலைமை, திட்டமிடல், பேச்சுத்திறன் ஆகியவற்றைப் பயில்வோருக்கும் தமிழில் அதைவிடச் செறிவான மூலம் கிடைப்பது அரிது. வெற்றியும் தோல்வியும் நடந்த அன்றே, முடிவு தெரியாத நிலையில் எழுதப்பட்டவை அவை. ஓய்வு பெற்ற பிறகு நினைவிலிருந்து எழுதும் தன்வரலாற்றில் அந்த நேர்மை கிடைப்பதில்லை.

பிள்ளை 1709 மார்ச் 30 அன்று சென்னைப் பெரம்பூரில் பிறந்தார். புதுச்சேரியில் தலைமைத் துபாசியாக இருந்த நைனியப்பப் பிள்ளை அவருக்கு மாமன் முறை. மைத்துனர் அழைத்ததால்தான் தந்தை திருவேங்கடம் பிள்ளை குடும்பத்தோடு புதுச்சேரியில் குடியேறினார். ஆனால் கவர்னர் எபேர் காலத்தில் நைனியப்பப் பிள்ளை பதவி பறிக்கப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். 1717-இல் சிறையிலேயே இறந்தார். அவர் மகன் குருவப்பப் பிள்ளை பிரான்சுக்கே கப்பலேறிச் சென்று முறையிட்டார். தீர்ப்பு தவறானது என்று மாற்றப்பட்டது. குருவப்பர் பிரெஞ்சு அரசின் விருதோடு திரும்பி வந்து தலைமைத் துபாசியானார். போன உயிர் திரும்பவில்லை. மேலிடத்தின் தயவு எவ்வளவு நிலையற்றது என்பதைச் சிறு வயதிலேயே வீட்டுக்குள் பார்த்தவர் ஆனந்தரங்கர். பின்னாளில் ஒவ்வொரு பேச்சையும் எழுதி வைக்கும் அளவுக்கு அவரிடம் இருந்த எச்சரிக்கைக்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

1724-இல் குருவப்பர் இறந்ததும் பதவி கனகராய முதலியாருக்குப் போயிற்று. 1726-இல் தந்தையும் மறைந்தார். பதினேழு வயதில் பிள்ளையின் கையில் பதவி ஏதும் இல்லை. தந்தையின் வணிகமும் கவர்னர் லெனுவாரின் நன்மதிப்பும் இருந்தன. லெனுவார் அவரைப் பரங்கிப்பேட்டைப் பண்டகசாலையின் பொறுப்புக்கு அனுப்பினார். அங்கே நீலத்துணி வணிகம். பிள்ளை அத்தோடு நிற்காமல் ஆற்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் சொந்தச் செலவில் வணிகக் கிளைகள் வைத்து ஐரோப்பியச் சரக்கை உள்நாட்டுக்கு அனுப்பி, கம்பெனிக்கு வேண்டிய சரக்கை அங்கிருந்து பெற்றார். பாக்கு, துணி என்று பல பொருள்களில் அவர் பணம் புழங்கியது. கடல் வணிகத்திலும் அவருக்குப் பங்கு இருந்தது.

கனகராய முதலியார் 1746 பிப்ரவரியில் இறக்கும் வரை, இருபது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளை இரண்டாமவராகவே இருந்தார். இந்த நீண்ட காத்திருப்பைத் துரதிர்ஷ்டம் என்று சொல்வது எளிது. உண்மையில் பின்னாளில் அவர் செலவழித்த முதல் முழுவதும் இந்தக் காலத்தில் சேர்த்ததுதான். எந்த ஊரில் எந்த வணிகர் நாணயமானவர், எவருடைய மகனுக்கும் எவருடைய மருமகனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எந்த நெசவூர் பஞ்சத்தால் காலியாகிறது என்பதெல்லாம் பதவி கிடைத்த மறுநாள் ஒருவருக்குத் தெரிந்துவிடாது.

கம்பெனியின் துணிக் கொள்முதல் எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அவருடைய திறமையை எடைபோட முடியும். ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல் பருவக்காற்றை நம்பியது. அது புறப்படும் நாளுக்கு முன் மூட்டைகள் கட்டித் தயாராக இருக்க வேண்டும். புதுச்சேரியில் அன்று துறைமுகம் கிடையாது. கப்பல் ஆழ்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கைச் சலங்கு என்ற படகுகளில் ஏற்றி அலையைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். ஆகவே நாள் தவறினால் ஓர் ஆண்டு வணிகம் தவறும். வணிகர்கள் கம்பெனியிடம் முன்பணம் வாங்கி, அதை நெசவூர்களில் தறிக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். துணி வந்ததும் கோட்டையில் தரம் பிரிப்பார்கள். மாதிரிக்குக் குறைந்தது ஒதுக்கப்படும், அல்லது விலை குறைக்கப்படும். பிறகு வெளுப்பு, சாயம், மூட்டை.

ஒப்பந்தம் பேசும் நாளில் வணிகர்கள் கவர்னர் முன்னும் ஆலோசனைச் சபையார் முன்னும் நிற்பார்கள். கம்பெனி விலையைக் குறைக்கச் சொல்லும். பஞ்சு விலை ஏறிவிட்டது, அரிசி விலை ஏறிவிட்டது, தறிக்காரன் பழைய கூலிக்கு உட்காரமாட்டான் என்று வணிகர் சொல்வார்கள். இரு பக்கமும் சொல்வதில் பாதி உண்மை, பாதி பேரம். எது எவ்வளவு என்று தெரிந்தவர் நடுவில் நிற்கும் துபாசி ஒருவரே. வணிகரின் மறுப்பை அப்படியே முரட்டுத்தனமாக மொழிபெயர்த்தால் கவர்னர் கோபத்தில் எழுந்து போய்விடுவார். கவர்னரின் மிரட்டலை அப்படியே சொன்னால் வணிகர் அடுத்த வாரம் சென்னையில் ஆங்கிலேயரோடு பேசிக்கொண்டிருப்பார். உடன்பாடு ஏற்பட்டதும் வெற்றிலை பாக்கும் பன்னீரும் கொடுத்து அனுப்புவது வழக்கம். அது வெறும் உபசாரம் என்று ஐரோப்பிய அலுவலர் சிலர் நினைத்திருக்கலாம். ஊரார் கண்முன் கொடுக்கப்படும் அந்தத் தாம்பூலம்தான் வணிகருக்குச் சந்தையில் கடன் பெற்றுத் தரும் சான்று என்பதைப் பிள்ளை அறிந்திருந்தார். மரியாதைக்கும் பண மதிப்பு உண்டு என்ற இந்த அறிவு வணிகத் தலைமையின் அடிப்படைகளுள் ஒன்று.

நாட்குறிப்பின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டால் அவர் வேலை செய்த முறை தெளிவாகும். முதலில் தமிழ் வருடத்தின் பெயர், மாதம், தேதி. தொடங்கிய ஆண்டு நள வருடம். அடுத்து ஐரோப்பியத் தேதி, கிழமை. பின்பு காலையில் கோட்டைக்குப் போனது, கவர்னர் அப்போது யாரோடு பேசிக்கொண்டிருந்தார் என்பது, தம்மைப் பார்த்ததும் அவர் கேட்ட கேள்வி, தாம் சொன்ன பதில். பேச்சைச் சுருக்கி எழுதுவதில்லை. கேள்வி பதிலாகவே எழுதுகிறார். அங்கிருந்து தமது பாக்குக் கிடங்குக்கு வருவார். அதுதான் அவருடைய உண்மையான அலுவலகம். வணிகர், கணக்கர், வக்கீல்கள் என்ற அரசுத் தூதர்கள் அனுப்பிய ஆட்கள், வழக்காளிகள், கடன் கேட்பவர்கள் எல்லாரும் அங்கேதான் வருவார்கள். ஆற்காட்டிலிருந்து வந்த கடிதத்தின் சாரம், கடலில் பாய்மரம் தெரிந்தது, கோட்டையில் எத்தனை குண்டு மரியாதை போட்டார்கள், ஊரில் நடந்த கல்யாணம், இழவு ஆகியவையும் அன்றன்றைக்குப் பதிவாகும். தாம் கேட்டவை, கண்டவை, கப்பல்களின் வரவு போக்கு, புதுமையாக நடப்பவை ஆகியவற்றை எழுதி வைப்பதே நோக்கம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்.

நடை பேச்சுத்தமிழ். போர்ச்சுகீசிய, பிரெஞ்சு, பாரசீகச் சொற்கள் புதுச்சேரிக் கடைத்தெருவில் எப்படிப் புழங்கினவோ அப்படியே வருகின்றன. புலவர்கள் அவரைத் தேடி வந்தனர். அவர் பெயரில் ஆனந்தரங்கன் கோவை என்ற நூல் பாடப்பட்டது. வடமொழியிலும் தெலுங்கிலும் நூல்கள் எழுந்தன. செந்தமிழில் எழுத வேண்டும் என்று விரும்பியிருந்தால் உதவ ஆள் இருந்தது. அவர் அதை விரும்பவில்லை. வேலைக்கான குறிப்பு வேலையின் மொழியிலேயே இருக்க வேண்டும் என்பது சரியான முடிவு.

இந்தக் குறிப்பு முறையில் மேலாளர்கள் கவனிக்க வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. கண்ணால் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் அவர் பெரும்பாலும் கலப்பதில்லை. இன்னார் இப்படிச் சொன்னார், ஊரில் இப்படிப் பேசிக்கொள்கிறார்கள், இது என் எண்ணம் என்று பிரித்து எழுதுகிறார். ஒரு செய்தி பொய்யாகிப் போனால் அதைக் கொண்டுவந்தவர் யார் என்று திரும்பிப் பார்க்க முடியும். கூட்டம் முடிந்ததும் முடிவுகளை மட்டும் இரண்டு வரியில் எழுதிச் சுற்றுக்கு விடும் இன்றைய வழக்கத்தில் யார் எதற்குத் தயங்கினார், எந்தக் காரணத்தால் ஒப்புக்கொண்டார் என்பது காணாமல் போகிறது. ஆறு மாதம் கழித்துச் சிக்கல் வரும்போது தேவைப்படுவது அந்தத் தயக்கத்தின் பதிவுதான்.

1742 ஜனவரியில் துய்ப்ளே கவர்னராகப் பொறுப்பேற்றார். அவரோடு பிள்ளை நடத்திய உரையாடல்களே நாட்குறிப்பின் உயிர்நிலை. துய்ப்ளே கூர்மையானவர், பேராசை மிக்கவர், புகழ்ச்சியை விரும்பியவர், சட்டென்று கோபப்படுபவர். இப்படிப்பட்ட மேலதிகாரியிடம் கெட்ட செய்தியைக் கொண்டுபோவது ஒரு தனிக்கலை. பிள்ளை முதலில் அவரைப் பேச விடுவார். முகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார். அன்றைய மனநிலையைக் குறிப்பிலும் எழுதி வைப்பார். புகழ்ச்சியைத் தாராளமாகக் கொடுப்பார். பிறகு செய்தியைச் சொல்வார். நேருக்கு நேர் மறுக்க வேண்டிய இடத்தில், இதற்கு முன் இதுபோல் நடந்தபோது என்ன விளைந்தது என்று பழைய நிகழ்ச்சியொன்றை எடுத்துவைப்பார். கவர்னர் தாமே முடிவை மாற்றிக்கொண்டதாக நினைக்கும்படி அது அமையும்.

அந்தப் புகழ்ச்சி இன்றைய வாசகருக்கு அளவு மீறியதாகத் தோன்றும். நாட்குறிப்பிலேயே தம் ஜாதகத்தின் சிறப்பையும் தம்மால் கம்பெனிக்கு விளைந்த நன்மையையும் திரும்பத் திரும்ப எழுதுபவர் அவர். ஆயினும் புகழ்ச்சியோடு செய்தியை நிறுத்திக்கொள்வதில்லை என்பதே முக்கியம். மேலிடத்துக்கு இனிப்பை மட்டும் கொண்டுபோகிறவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. பிள்ளை இனிப்புக்குப் பின்னால் கணக்கையும் வைத்தார்.

அதே கவர்னர் மாளிகையில் இன்னொரு செய்திவழியும் இருந்தது. கவர்னரின் மனைவி ழான் புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் அறிந்தவர். தமக்கென ஆட்கள் வைத்துச் செய்தி திரட்டினார், உள்நாட்டுத் தலைவர்களோடு நேரடியாகத் தொடர்பு கொண்டார், பதவி நியமனங்களிலும் தலையிட்டார். கனகராய முதலியார் இறந்தபின் அந்த இடத்துக்கு அவர் தம்பி உட்படப் பலர் முயன்றனர். இந்து ஒருவருக்குப் பதவி கொடுப்பதைப் பாதிரிமார் விரும்பவில்லை. ஆகவே வேலை முழுவதையும் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தும் பதவி உறுதியாவது தள்ளிக்கொண்டே போயிற்று. நாட்குறிப்பில் ழான் துய்ப்ளே பற்றி வரும் பகுதிகள் கசப்பு நிறைந்தவை; போட்டியாளர் ஒருவரின் சாட்சியம் என்ற நினைப்போடுதான் அவற்றைப் படிக்க வேண்டும். ஆனால் நிறுவனத்துக்கு நேர்ந்த தீங்கு உண்மையானது. ஒரே கவர்னரின் பெயரில் இரண்டு வாய்கள் இரண்டு விதமாகப் பேசியதால் எது கம்பெனியின் சொல் என்பதில் குழப்பம் வந்தது. பேச வேண்டியவர் யார் என்று தலைவர் தெளிவாக்காத இடத்தில் கீழே உள்ளவர்களின் நேரமெல்லாம் ஒருவரையொருவர் கண்காணிப்பதில் கரைந்துவிடுகிறது.

திட்டமிடலும் பேச்சும் ஒன்றுக்கொன்று பொருந்திய நிகழ்ச்சி ஒன்று துய்ப்ளேவுக்கு முன்பே புதுச்சேரியில் நடந்தது. 1740-இல் தாமல்செருவுக் கணவாயில் நவாப் தோஸ்த் அலி மராட்டியரிடம் தோற்று உயிரிழந்தார். அவர் குடும்பத்தினரும் அவருடைய மருமகன் சந்தா சாகிபின் மனைவி மக்களும் புதுச்சேரிக்கு ஓடி வந்து அடைக்கலம் கேட்டனர். கவர்னர் துய்மா கோட்டைக் கதவைத் திறந்தார். அவர்களை ஒப்படைக்க வேண்டும், கப்பமும் கட்ட வேண்டும் என்று மராட்டியத் தலைவர் ரகூஜி போன்ஸ்லே கேட்டனுப்பினார். துய்மா கப்பத்தையும் மறுத்தார், அடைக்கலம் வந்தவர்களைக் கொடுக்கவும் மறுத்தார். மறுப்பைக் கடிதத்தில் எழுதியதோடு, வந்த தூதருக்குக் கோட்டையின் பீரங்கிகளையும் ஆயத்தங்களையும் காட்டினார். தூதர் திரும்பும்போது பரிசாகச் சில குப்பி பிரெஞ்சு மதுவையும் கொடுத்தனுப்பினார். அந்த மது ரகூஜியின் வீட்டில் மிகவும் பிடித்துப்போனதாகவும், பேச்சின் போக்கு அதனால் இளகியதாகவும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மராட்டியர் புதுச்சேரியை விட்டுவிட்டுத் திருச்சிராப்பள்ளி நோக்கிப் போயினர்.

குப்பிகளின் கதையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது பலர் செய்யும் தவறு. தூதர் தம் கண்ணால் கோட்டையைப் பார்த்திராவிட்டால் அந்தக் குப்பிகள் அச்சத்தின் அடையாளமாகவே கொள்ளப்பட்டிருக்கும். மறுப்பு உறுதியாக இருந்தது, அதைத் தாங்கும் வலிமை கண்ணுக்குத் தெரிந்தது, எதிராளி மானம் இழக்காமல் திரும்பிப் போக வழியும் இருந்தது. பேரம் பேசுவோர் இந்த வரிசையைக் கவனிக்கலாம்.

ஆறாண்டு கழித்து 1746-இல் நடந்தது இதற்கு நேர் எதிர். கடற்படைத் தலைவர் லா பூர்தொனே அந்த ஆண்டு செப்டம்பரில் ஆங்கிலேயரின் சென்னையைப் பிடித்தார். பதினோரு லட்சம் வராகன் வாங்கிக்கொண்டு நகரத்தைத் திருப்பித் தருவதாக ஆங்கிலேயருக்குச் சொன்னார். துய்ப்ளே, சென்னையைப் பிடித்ததும் நவாப் அன்வருதீனிடம் ஒப்படைப்பதாக ஏற்கெனவே உறுதி கூறியிருந்தார். அதே நகரத்தைப் பற்றி ஒரே கம்பெனியின் பெயரில் இரண்டு வாக்குறுதிகள். வெற்றிக்குப் பிறகு யாருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் என்பதைக் கப்பல் புறப்படும் முன் இருவரும் எழுத்தில் தீர்த்துக்கொள்ளவில்லை. அக்டோபரில் அடித்த புயலில் பிரெஞ்சுக் கப்பல்கள் நாசமாயின. லா பூர்தொனே போய்விட்டார். அவருடைய ஒப்பந்தத்தைத் துய்ப்ளே ஏற்க மறுத்தார். நவாபுக்கும் நகரம் போகவில்லை. நவாபின் மகன் மாபூஸ்கான் படையோடு வந்து அடையாற்றில் தோற்றார். அந்த வெற்றி ஐரோப்பியரின் போர்முறைக்குப் பெரும் பெயர் தேடித் தந்தது உண்மை. ஆனால் பிரெஞ்சுக்காரரின் சொல்லுக்கு ஆற்காட்டில் இருந்த மதிப்பு சரிந்தது. அந்தச் சொல்லைக் கடிதமாக எழுதி அனுப்பும் பொறுப்பில் இருந்த பிள்ளையின் நிலைமை எத்தகையது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

துய்ப்ளேவின் பெரும் பிழை வேறோர் இடத்தில் நடந்தது. புதுச்சேரியிலிருந்து கடிதம் பாரிசுக்குப் போய்ச்சேர ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். பதில் வந்து சேர ஒன்றரை ஆண்டு கூட ஆகலாம். இந்த இடைவெளி அவருக்குச் சுதந்திரம் தந்தது. தெக்காணத்திலும் கர்நாடகத்திலும் வாரிசுப் போர்களில் இறங்கி, தமக்கு வேண்டியவர்களை அரியணையில் அமர்த்தினார். 1750 டிசம்பரில் செஞ்சிக்கு அருகே தெக்காணத்தை ஆண்ட நாசிர் ஜங் கொல்லப்பட்டு, துய்ப்ளே ஆதரித்த முசாபர் ஜங் புதுச்சேரிக்கு வந்தபோது துய்ப்ளேவின் செல்வாக்கு உச்சத்தைத் தொட்டது. பிள்ளைக்கும் மன்சப் பட்டமும் மரியாதைகளும் கிடைத்தன. ஆனால் திட்டம் முழுவதையும் கம்பெனி இயக்குநர்களிடம் துய்ப்ளே விளக்கவே இல்லை. திருச்சிராப்பள்ளியில் ஏற்பட்ட தோல்விகளின் முழு அளவையும் அவர் உரிய நேரத்தில் எழுதவில்லை என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் முடிவு. பாரிசில் இருந்தவர்களுக்குத் தேவைப்பட்டது துணியும் லாபப்பங்கும். போர்ச்செலவு ஏறுவதும் நல்ல செய்தி மட்டுமே வருவதும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதைக் கண்ட அவர்கள் நம்பிக்கை இழந்தனர். 1754 ஆகஸ்டில் துய்ப்ளேவுக்குப் பதிலாக அனுப்பப்பட்ட கொதே புதுச்சேரியில் வந்து இறங்கினார். அக்டோபரில் துய்ப்ளே ஊரைவிட்டுப் புறப்பட்டார். தம் சொந்தப் பணத்தைக் கம்பெனிக்காகச் செலவிட்டதாக வழக்காடியே 1763-இல் பாரிசில் இறந்தார். கீழே உள்ளவர்களிடமிருந்து முழுச் செய்தியையும் எதிர்பார்த்த தலைவர், மேலே உள்ளவர்களுக்குப் பாதிச் செய்தியை அனுப்பினார். தாம் துபாசியிடம் கோரிய நேர்மையில் பாதியைத் தம் கடிதங்களில் காட்டியிருந்தால் இயக்குநர்கள் அவரை அடக்கியிருக்கலாம், அல்லது துணை நின்றிருக்கலாம். இரண்டுமே கம்பெனிக்கு நன்மையாக இருந்திருக்கும்.

பிள்ளையின் எல்லைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1748-இல் ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. பாதிரிமார் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தது போர் நேரத்தில் நிறைவேறியது. ஊர்ப்பெரியவர்கள் பிள்ளையிடம் வந்து முறையிட்டனர். அவரால் தடுக்க முடியவில்லை. அந்த நாள்களின் குறிப்பில் வேதனை தெரிகிறது. ஒற்றுமையில்லாத ஊராரைக் குறைகூறும் குரலும் தெரிகிறது. இருதரப்புக்கும் நடுவில் நிற்பவர் ஒரு தரப்பின் ஊழியராகவும் இருந்தால், உச்ச நெருக்கடியில் அவர் எந்தப் பக்கம் நிற்க முடியும் என்பது அன்று வெளிப்பட்டது. அணுக்கத்தைக் கொண்டு சாதிக்கக்கூடியவை பல. ஆனால் அதிகாரம் ஒரு முடிவில் உறுதியாக இருக்கும்போது அணுக்கம் அதற்கு ஈடாகாது.

இன்னொரு குறை பதவியின் அமைப்பிலேயே இருந்தது. துபாசி கம்பெனிக்காக வாங்கினார், தமக்காகவும் வாணிபம் செய்தார். வழக்குத் தீர்ப்பவராகவும் இருந்தார், வருகிறவர்களிடம் நசர் என்ற காணிக்கை பெறுபவராகவும் இருந்தார். அன்றைய வழக்கத்தில் இது குற்றமாகக் கருதப்படவில்லை. கவர்னரும் சபை உறுப்பினர்களும் அதையே செய்தனர். ஆனால் எந்த ஆலோசனை கம்பெனியின் நன்மைக்கு, எது பிள்ளையின் கிடங்கின் நன்மைக்கு என்று பிரித்தறிய எவராலும் இயலவில்லை. எதிரிகள் அவர்மேல் எளிதில் குற்றம் சுமத்த முடிந்ததற்கும் இதுவே காரணம். சொந்த வணிகத்தையும் நிறுவன வேலையையும் தனித்தனியே வைக்கும் விதிகள் பிற்காலத்தில் ஏன் தோன்றின என்பதை விளக்க இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அவர் செல்வாக்கு ஒரே புரவலரைச் சார்ந்திருந்ததும் பலவீனம். துய்ப்ளே போனபின் அவருடைய சொல்லுக்குக் கோட்டையில் எடை குறைந்தது. கவர்னர் லெரி காலத்தில், உடல்நலமும் குன்றியிருந்த நிலையில், 1756-இல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். மூத்த அலுவலர்கள், சபை உறுப்பினர்கள், பாரிசிலிருந்து வரும் கணக்காளர்கள் என்று பலரிடம் நம்பிக்கையைப் பரப்பி வைக்காமல் தலைவரின் அறைக்குள் மட்டும் சேமித்து வைத்தவருக்கு இப்படி நேர்வது புதுமையில்லை.

ஆயினும் அவருடைய இடம் வெறுமையானபின் என்ன நடந்தது என்பதைப் பார்த்தால்தான் அந்த வேலையின் மதிப்பு விளங்கும். 1758 ஏப்ரல் 28 அன்று பிரெஞ்சுப் படைத்தலைவர் லாலி புதுச்சேரியில் இறங்கினார். போர்க்களத்தில் அஞ்சாதவர், கையூட்டு வாங்காதவர்; கம்பெனி அலுவலர்களைத் திருடர்கள் என்றே நினைத்தவர்; உள்நாட்டு மக்களைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள விரும்பாதவர். ஜூன் மாதத் தொடக்கத்திலேயே கூடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டையைக் கைப்பற்றினார். ஆனால் அந்தப் படையெடுப்புக்குச் சுமை தூக்கவும் வண்டி இழுக்கவும் சாதி, தகுதி பாராமல் நகரத்து மக்களைப் பிடித்து வேலை வாங்கினர். எந்தக் கட்டளையை எந்தச் சொல்லில், யார் வழியாகச் சொன்னால் ஆள் வருவார்கள் என்று எடுத்துரைக்க அவரருகில் ஒருவரும் இல்லை. இருந்தாலும் கேட்டிருப்பாரா என்பது ஐயமே. கூலியாட்களும் வணிகரும் விலகினர். தஞ்சை மீது போய் வெறுங்கையோடு திரும்பினார். ஐதராபாத்தில் ஏழாண்டு நிஜாமின் அவையில் பொறுமையாகச் செல்வாக்கை வளர்த்திருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியை அங்கிருந்து திரும்ப அழைத்துக்கொண்டார். அந்தப் பெரும் முதலீடு அத்தோடு கரைந்தது. சென்னை முற்றுகை 1759 பிப்ரவரியில் தோல்வியில் முடிந்தது. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் படை சிதறியது.

கம்பெனி அலுவலர்களோடு லாலிக்கிருந்த பகை எவ்வளவு முற்றியிருந்தது என்றால், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தபின் அந்த அலுவலர்களே பிரான்சில் அவர்மேல் குற்றச்சாட்டுகளை அடுக்கினர். 1766 மே 9 அன்று அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. துரோகம் செய்தார் என்பதற்குச் சான்று இல்லை. எழுத்தாளர் வால்த்தேர் போன்றவர்கள் பின்னர் அவர் பெயரைத் துலக்கப் பாடுபட்டனர். அவர் நேர்மையில் குறையில்லை. பேசத் தெரியாததும் கேட்க மறுத்ததும் ஒரு நகரத்தையும் அவரையும் வீழ்த்தின என்று சொல்வது மிகையாகாது. பணமும் கப்பலும் இல்லாத குறையும் அதில் சேர்ந்துகொண்டது.

ஆங்கிலேயர் புதுச்சேரியை வளைத்த முற்றுகையின் கடைசி மாதங்களிலும் பிள்ளை எழுதிக்கொண்டிருந்தார். அரிசி தீர்ந்ததையும் மக்கள் வெளியேறியதையும் அலுவலர்கள் ஒருவரையொருவர் பழித்ததையும் அந்தப் பக்கங்கள் சொல்கின்றன. 1761 ஜனவரி 16 அன்று நகரம் சரணடைந்தது. அதற்குச் சில நாள் முன்னரே அவர் உயிர் பிரிந்திருந்தது. எழுதும் வழக்கம் அவரோடு முடியவில்லை. குடும்பத்தார் அதைத் தொடர்ந்தனர். நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுச்சேரியைச் சேர்ந்த இரண்டாம் வீரா நாயக்கரும் நாட்குறிப்பு எழுதினார்.

பிள்ளையின் கையெழுத்துப் படிகள் குடும்பத்தார் வீட்டில் இருந்ததை 1846-இல் பிரெஞ்சுக்காரரான கலுவா மொம்புரோன் வெளியே கொண்டுவந்தார். இன்னொரு பிரெஞ்சுக்காரரான அரியேல் எடுப்பித்த படி பாரிசு தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. 1904 முதல் 1928 வரை சென்னை அரசு பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழ் மூலம் புதுச்சேரியில் 1948 முதல் அச்சேறத் தொடங்கியது. தம் மொழியில் எழுதப்பட்ட ஒன்றைத் தமிழர் ஆங்கிலத்துக்குப் பிறகு படிக்க நேர்ந்தது வருத்தத்துக்குரியது. அவர் பெயரில் உள்ள ரங்கப்பிள்ளை வீதியில், பெரிய மார்க்கெட்டை ஒட்டி, அவர் வாழ்ந்த மாளிகை இன்றும் நிற்கிறது. கீழ்த்தளம் மரத்தூண்களோடு தமிழ்வீட்டு அமைப்பிலும் மேல்தளம் பிரெஞ்சு அமைப்பிலும் கட்டப்பட்டது.

மேலாண்மை பயில்வோர் முதல் தொகுதியிலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்கினால் பெயர்களின் கூட்டத்தில் சோர்ந்துபோகக்கூடும். 1746 பிப்ரவரியில் கனகராய முதலியார் இறந்த நாளிலிருந்து 1748 அக்டோபரில் பாஸ்கவன் முற்றுகையைக் கைவிட்டது வரையுள்ள பகுதியை முதலில் எடுத்துக்கொள்வது நல்லது. பதவிப் போட்டி, சென்னைத் தகராறு, நவாபுக்கு எழுதிய கடிதங்கள், முற்றுகைக்காலத்து உணவுப் பிரச்சினை, கோயில் இடிப்பு எல்லாம் அதற்குள் வந்துவிடுகின்றன. படிக்கும்போது ஒவ்வோர் உரையாடலிலும் பிள்ளை எந்தச் செய்தியை முதலில் சொன்னார், எதைப் பிறகு சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டுக் குறிப்பில் மட்டும் எழுதினார் என்று பக்க ஓரத்தில் குறித்துக்கொண்டே போகலாம். அதன்பின் துய்ப்ளே புறப்படும் 1754-ஆம் ஆண்டுப் பகுதியையும், லாலி வந்தபின் உள்ள பகுதிகளையும் ஒப்பிட்டுப் படிக்கலாம்.